வயரில் கட்டிய வெள்ளை நூல்

அத்தியாயம் 14

"ஏங்க ஆயா, ஒரே வூட்ல எதுக்கு ரெண்டு அடுப்பு?"

கேட்டது மணிமேகலை. தோளில் டூல்ஸ் பை, கையில் ஹெல்மெட், பின்வாசல் வழியாக அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். சமையலறையில் பானுமதி குக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள். பின்வாசலுக்கு வெளியே மூன்று கல்லைக் கூட்டி, புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காசியம்மாள் தனியாகக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அத அவளையே கேளு கண்ணு. 'மெசினக் கெடுத்தது நீதான்'னு சொன்னவ ஆக்குன சோறு எனக்கு எறங்கல."

"அத்தை, வந்தவங்ககிட்ட..."

"நான் உங்கிட்ட பேசல. இந்தப் பொண்ணுகிட்ட பேசறேன்."

மூன்று நாளாக அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் சுற்றிக்கொண்டு போகிறது.

விஷயம் இவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பே லேப் டெக்னீசியன் படித்து முடித்தவள் பானுமதி. பதின்மூன்று வருஷம் கழித்து, தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று சனிக்கிழமை.

மாமனார் நஞ்சப்பன் பக்கவாதத்தில் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். அவருக்கு மட்டும் தினம் நாலு போர்வை, ஏழெட்டுத் துணி அலசியாக வேண்டும். மாமியார் காசியம்மாளுக்கு இடது மணிக்கட்டு உடைந்து கூடியதிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடப் பிழிய முடியாது.

"அப்பா துணி தேங்கக் கூடாது பானு. அது ஒண்ணு நடந்துட்டா நீ தாராளமா வேலைக்குப் போ," என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னவன் கணவன் மாதவராஜ். சொன்னதோடு விடாமல், பொங்கலுக்கு மறுநாள் தன் டெம்போவிலேயே வாஷிங் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினான். "இப்படி ஒரு புருசன் யாருக்குக் கெடைக்கும்!" என்று அரூர் பஸ்ஸில் கூட வந்தவர்கள்கூடப் பானுமதியிடம் சொன்னார்கள்.

அந்த மெஷின் புதன்கிழமை நின்றுபோனது. அன்று காலை காசியம்மாள் ஈரத்துணியால் மெஷினின் தலையைத் துடைத்ததைப் பானுமதி பார்த்திருந்தாள். மாதவராஜ் கூட்டிவந்த மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. "தண்ணி எறங்கி போர்டு போயிடுச்சு. புதுசு வர ரெண்டு வாரம் ஆவும்," என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனான்.

பானுமதி வாயை அடக்கவில்லை. "நான் வேலைக்குப் போறது பிடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாமே அத்தை. எதுக்கு இப்படி?"

அன்றைக்கு மூட்டியதுதான் அந்த இரண்டாவது அடுப்பு.

"அம்மாவுக்கு வயசாச்சு பானு. தெரியாம பண்ணியிருக்கும், விட்டுடு," என்று ராத்திரி மாதவராஜ் சமாதானம் சொன்னான். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாதவராஜ் இன்று விடிகாலையிலேயே தீர்த்தமலைப் பக்கம் ஒரு போர்வெல்லுக்கு மோட்டார் இறக்கப் போயிருந்தான். சாயங்காலம்தான் வருவான். மகள் சுமித்ரா வார லீவுக்குப் பானுமதியின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மணிமேகலைக்குப் பானுமதியே போன் போட்டாள்.

"பொம்பள மெக்கானிக்கா?" என்று களியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள் காசியம்மாள்.

"ஆமாங்க ஆயா. மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதுங்க," என்றாள் மணிமேகலை.

மெஷின் நடைவழியில், நஞ்சப்பனின் கட்டிலுக்கு நேர் எதிரே இருந்தது. துணி எடுக்கப் பக்கம், குழாய்க்கும் பக்கம் என்று மாதவராஜ் பார்த்து வைத்த இடம். மணிமேகலை கதவைச் சாத்தி பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. பத்து விநாடி யோசித்தது. பிறகு பீப் பீப் என்று கத்தி, இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டு நின்றது.

"கதவு பூட்டலைங்கறான். கதவு பூட்டினாத்தான் தண்ணி எடுப்பான். இல்லன்னா ஒரு அடி நகர மாட்டான்."

"போர்டு போனா இப்படித்தான் காட்டும்னு சொன்னாரே அந்த ஆளு?"

"பாத்தாருங்களா?"

"வெளியவே நின்னு பாத்தாரு."

மணிமேகலை சிரித்தாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் இருந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினாள். போர்டைச் சுட்டிக் காட்டினாள்.

"இங்க பாருங்கக்கா. மேல பசை மாதிரி ஊத்தி கம்பெனிக்காரனே மூடி வெச்சிருக்கான். தண்ணி எறங்கியிருந்தா வயர் சொருவற இந்தக் காலெல்லாம் பச்சை பூத்துப் போயிருக்கும். எப்படி பளபளன்னு இருக்குது! ஈரத்துணில தொடைச்சதுக்கெல்லாம் இது சாவாதுங்க."

பின்வாசலில் களிக்கோல் நின்றது.

"கண்ணு, அத இன்னொரு தரம் சத்தமா சொல்லு."

"ஈரத்துணில தொடைச்சதால ஒண்ணும் ஆவலைங்க ஆயா!"

பானுமதி மூடியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பின்வாசல் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

கட்டிலில் நஞ்சப்பன் இடது கையால் இரும்புச் சட்டத்தைத் தட்டினார். டங், டங். இந்த மூன்று நாளாக மெஷின் பேச்சு வரும்போதெல்லாம் இப்படித் தட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் பானுமதி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் வாயை மூடிக்கொள்வார். இப்போதும் டம்ளரை எடுத்தாள். இப்போதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப எதுதாங்க போச்சு?"

"அததான் தேடறோம்." மணிமேகலை கரண்ட் அளக்கும் மீட்டரை எடுத்தாள். பிளக்கை மறுபடி சொருகினாள். "தள்ளி நில்லுங்க. இப்ப உள்ள கரண்ட் இருக்குது. நான் சொன்னதும் பட்டனை மட்டும் அழுத்துங்க."

பானுமதி அழுத்தினாள். மணிமேகலை மீட்டரின் இரண்டு முள்ளையும் போர்டிலிருந்து கிளம்பும் வயரின் காலில் வைத்திருந்தாள். எண் ஏறியது.

"இருநூத்தி முப்பது. போர்டு நல்லாத்தான் இருக்குது. 'பூட்டு'ன்னு உத்தரவு அனுப்பிடுச்சு."

முன்பக்கம் கதவு ரப்பரை விலக்கி, பூட்டை வெளியே எடுத்து, அதன் காலில் முள்ளை வைத்தாள். "இப்ப அழுத்துங்க." எண் ஏறவில்லை. பூஜ்யம்.

"அங்கிருந்து கெளம்புது. இங்க வந்து சேரல. நடுவுல யாரோ நிக்கறாங்க."

"யாருங்க?"

"எலியா இருக்கும். இந்தப் பக்கமெல்லாம் எலிதான் எனக்குச் சோறு போடுது."

பிளக்கைப் பிடுங்கினாள். மீட்டரின் குமிழைத் திருகி, இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டினாள். அது கீச்சென்று கத்தியது. "வயர் முழுசா இருந்தா இப்படிக் கத்தும். அறுந்திருந்தா ஊமை." பூட்டுக்குப் போகும் பழுப்பு வயரின் இந்த முனையில் ஒரு முள், அந்த முனையில் ஒரு முள்.

ஊமை.

கட்டிலில் மறுபடி டங், டங்.

மணிமேகலை வயர்க்கட்டைத் தடவிக்கொண்டே போனாள். பின்மூலையில், கட்டு கீழே இறங்கும் இடத்தில், விரல் நின்றது. கட்டைப் பிரித்து ஒரு வயரை வெளியே இழுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாச்சுங்க?"

"எலி இல்லக்கா."

"நல்லா பாரு கண்ணு. கழனியோரத்து வூடு, எலி நெறையா ஓடும்," என்று காசியம்மாள் எழுந்தே வந்துவிட்டாள்.

"எலி கடிச்சா நார்நாரா பிஞ்சிருக்கும் ஆயா. இது பிளேயர் வெச்சு ஒரே வெட்டு. சரி, எலியே வெட்டுச்சுன்னு வெச்சுக்குங்க. வெட்டிட்டு டேப்பு சுத்தி, டேப்பு மேல நூலும் கட்டிட்டுப் போவுமாங்க?"

வெட்டுப்பட்ட இரண்டு முனையையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாகக் கறுப்பு டேப். டேப்பின் மேல் வெள்ளை நூல்.

"யார் செஞ்சாங்களோ, வேலை தெரிஞ்சவங்க. வெறும் முனையா விட்டா மெஷின் பாடில பட்டு, தொடறவங்களுக்கு ஷாக் அடிக்கும். அது ஆவக்கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கட்டியிருக்காங்க."

பானுமதி அந்த நூலை வாங்கிப் பார்த்தாள். பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. விரலுக்கே தெரிந்தது. மூன்று சுற்று, ஒரு முடிச்சு, மறுபடி மூன்று சுற்று. மிச்ச நூல் வெட்டப்படாமல் சுற்றுக்கு அடியில் சொருகப்பட்டிருந்தது.

கல்யாணமான புதிது. வேலைக்கு ஆள் கிடைக்காத நாளில் மாதவராஜ் அவளையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போவான். போர்வெல் மோட்டார் கேபிளின் இரண்டு முனையையும் இணைத்து, டேப் சுற்றி, அவன் பிடித்துக்கொள்வான். அவள் நூல் சுற்றுவாள்.

"எதுக்குங்க இந்த நூலு? டேப்பு போதாதா?"

"எண்ணூறு அடிக்குக் கீழ, தண்ணிக்குள்ள வருசக்கணக்கா நிக்கற ஜாயிண்டு இது. டேப்பு என்னிக்காவது பிரியும். நூல் பிடிச்சு நிக்கும். நான் கட்டுன ஜாயிண்டு இதுவரைக்கும் ஒண்ணு பிரிஞ்சதில்ல பானு."

மிச்ச நூலை அவள் பல்லால் கடிக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தான். "கடிக்காத. உள்ள சொருவு. அதான் என் அடையாளம்."

"அக்கா? தெரிஞ்ச ஆளுங்களா?"

"ம். எங்க வூட்டு வேலதான்."

காசியம்மாளும் பார்த்தாள். மகன் கட்டின முடிச்சு தாய்க்கும் தெரியாமலா இருக்கும்? திரும்பிப் போய் அடுப்பின் முன் உட்கார்ந்தாள். களி அடிபிடித்து வாசனை வந்தது. அவள் கிண்டவில்லை.

கட்டிலைப் பார்த்தாள் பானுமதி. நஞ்சப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தட்டவில்லை.

"மாமா... நீங்க பாத்தீங்களா? அவர் வெட்டறத நீங்க இங்கிருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் இறங்கியது. மூன்று நாளாக அந்த மனுஷனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மணிமேகலை வேலையைத் தொடர்ந்தாள். நூல் கட்டின இரண்டு முனையையும் நறுக்கினாள். வயரைச் சீவி, ரப்பர் குழாயைக் கோத்து, முறுக்கி, சால்டரிங் வைத்தாள். குழாயை மேலே இழுத்துச் சூடு காட்டினாள். அது சுருங்கி வயரைக் கவ்விப் பிடித்தது. மீட்டர் கீச்சென்று கத்தியது. பூட்டையும் மேல்மூடியையும் பழையபடி மாட்டி, கதவைச் சாத்தி, பிளக்கைச் சொருகினாள்.

"பட்டனை அழுத்துங்கக்கா."

இரண்டு மூன்று விநாடி. டக். கதவு பூட்டிக்கொண்டது. தண்ணீர் இறங்கும் சத்தம்.

"பில்லுல என்னா போடட்டுங்க?" என்று மணிமேகலை தயங்கினாள். "எலின்னு போட்டுடட்டுங்களா?"

"வேணாங்க. உள்ளது என்னவோ அதையே போடுங்க. அந்த ரெண்டு முனையையும் என்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

ஸ்கூட்டர் சத்தம் ரோடு ஏறி மறைந்தபின், பானுமதி பின்வாசலுக்குப் போய் நின்றாள்.

"அத்தை..."

"இப்பவும் நாந்தானா?"

"இல்லீங்க அத்தை. தப்புப் பண்ணிட்டேன்."

"பதிமூணு வருசம் பக்கத்துல இருந்து பாத்தவ. கேக்கக்கூட இல்ல, நேரா தீர்ப்புச் சொன்ன." காசியம்மாள் களிச்சட்டியைக் கவிழ்த்து நாய்க்குக் கொட்டினாள். "நீ வேலைக்குப் போறது எனக்குப் புடிக்கலதான். அத உன் மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னேன். நான் அப்படித்தான். ஒளிஞ்சு ஒண்ணு செய்ய எனக்கு வராது."

பானுமதி கவிழ்ந்த சட்டியை எடுத்துக் கழுவப் போட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டெம்போ வந்து நின்றது. மாதவராஜ் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். சட்டையெல்லாம் செம்மண். நடைவழியில் கிடந்த அழுக்குத் துணிக் கூடையைப் பார்த்தான்.

"என்னா பானு, துணி அப்படியே கெடக்குது?"

"கையில அலச முடியலைங்க. மெஷினுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?"

"அதான் மெக்கானிக்கு சொன்னாரே, ரெண்டு வாரம்." அவள் தோளைத் தொட்டான். "மனச விட்டுடாத. இந்த வேல இல்லன்னா இன்னொண்ணு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசமா? ரெண்டு வாரம்னுதானே சொன்னீங்க?"

"இல்ல... அதுக்குள்ள அவங்க வேற ஆளப் போட்டுட மாட்டாங்களா? அதுக்குத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நானே பக்குவமா சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் பேச வேணாம்."

எவ்வளவு இதமான குரல்! இதே குரலில்தான் புதன்கிழமை ராத்திரி, "அம்மாவுக்கு வயசாச்சு, விட்டுடு" என்றான்.

பானுமதி கூடையைத் தூக்கினாள். துணியை மெஷினுக்குள் போட்டாள். சோப்பு ஊற்றினாள். கதவைச் சாத்தினாள்.

"எதுக்கு பானு அதுல போடற? அதுதான்..."

பட்டனை அழுத்தினாள்.

டக்.

தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மாதவராஜ் மெஷினைப் பார்க்கவில்லை. அதன் பின்மூலையைப் பார்த்தான். வயர்க்கட்டு கீழே இறங்குகிற அந்த மூலையை. பானுமதி அந்தப் பார்வையைப் பார்த்தாள். அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

காபி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் நூல் கட்டின இரண்டு துண்டு வயரையும் வைத்தாள்.

"மிச்ச நூல உள்ள சொருவியிருக்கீங்க. கை மறக்கல."

அவன் உட்கார்ந்துவிட்டான்.

"பானு, நான்... கொஞ்ச நாளைக்குத்தான்னு நெனச்சேன்."

"பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்லறது? ஊரு முழுக்க என்னைப் பெருமையா பேசறாங்க. மெஷினு வாங்கிக் குடுத்தேன், படிச்ச படிப்ப வீணாக்கலன்னு. இப்ப போய் வேணாம்னு சொன்னா நான் என்னா மனுசன்? ஒகேனக்கல் பக்கம் ஒரு போர்வெல் பாயிண்டுக்குப் போனா ரெண்டு நாள் ஆவுது. திரும்பி வந்தா நீ வூட்ல இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு. அத வாயத் தொறந்து சொல்ல வரல."

"அதுக்கு மெஷினைச் சொல்ல வெச்சீங்க."

அவன் காபி டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"எனக்கு ஷாக் அடிச்சிடக் கூடாதுன்னு ரெண்டு முனைக்கும் தனித்தனியா கட்டியிருக்கீங்க. எவ்வளவு அக்கறை! வெட்டறப்ப மட்டும் என் நெனப்பு வரலையா உங்களுக்கு?"

பின்வாசலில் நிழல் விழுந்தது. காசியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவகிட்ட அப்புறம் பேசு. எனக்குப் பதில் சொல்லுடா. மூணு நாளா எம்மேல பழி விழுந்துச்சே. நீ எதுக்க உக்காந்துதானே சோறு தின்ன? 'வயசாச்சு, தெரியாம பண்ணிடுச்சு'ன்னு எனக்கு மன்னிப்பு வேற வாங்கிக் குடுத்தியாமே. செய்யாத தப்புக்கு பெத்தவளுக்கு மன்னிப்பு!"

"அம்மா..."

"உங்கப்பன் கட்டிலு உடையற அளவுக்குத் தட்டுனாரு. அவரு கண்ணு முன்னாலயே வெட்டுனியா? வாய் வராதுங்கற தைரியமா?"

மாதவராஜ் கட்டில் பக்கம் திரும்பவே இல்லை.

காசியம்மாள் பானுமதியின் பக்கம் திரும்பினாள். "உங்கூடவும் எனக்கு இன்னும் பேச்சில்ல. அந்த அடுப்பு அங்கதான் இருக்கும். ஆனா மெசினு தொவைச்சுப் போடறத எடுத்துக் கொடில காயப் போட எனக்கு ஒரு கை போதும். நீ திங்கக்கெழம போ."

பானுமதிக்கு அப்போதுதான் கண் கலங்கியது. காட்டிக்கொள்ளாமல் போனை எடுத்தாள்.

"யாருக்கு பானு?" மாதவராஜ் எழுந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு. திங்கட்கெழம வரேன்னு சொல்லிடறேன்."

"இப்ப வேணாம். சனிக்கெழம சாயங்காலம், ஆளு இருக்க மாட்டாங்க. நாளைக்கு..." கை போனை நோக்கி நீண்டது. "பானு, சொன்னா கேளு. போன் பண்ணாத."

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். கட்டில் முதுகில் இடித்தது. ஸ்பீக்கரைப் போட்டாள். மூன்றாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள்.

"நான் பானுமதி பேசறேங்க. லேபுக்குத் திங்கட்கிழமை ஜாயின் பண்ண வேண்டியவங்க."

"பானுமதியா? அரூர் பானுமதிங்களா?" மறுமுனையில் தாள் புரளும் சத்தம். "மேடம், நீங்க வரலைன்னு உங்க வீட்டுக்காரர் வியாழக்கிழமையே போன் பண்ணிச் சொல்லிட்டாரே? வீட்டுல மாமனாருக்கு முடியல, வேலையே வேணாம்னு சொன்னாரு."

வியாழக்கிழமை. இன்று சாயங்காலம்கூட 'நானே பக்குவமா சொல்லிக்கறேன்' என்றானே.

பானுமதி கணவனைப் பார்த்தாள். அவன் டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்த நூல் கட்டின துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, மறுபடி சுற்றியது. முதுகுக்குப் பின்னாலிருந்து நஞ்சப்பனின் இடது கை வந்து அவள் சேலை முனையைப் பிடித்தது.

"அவர் சொன்னது அவர் பேச்சுங்க," என்றாள். "நான் சொல்லல. திங்கட்கிழமை காலைல ஒன்பது மணிக்கு நான் அங்க வந்து நிப்பேன்."

மறுமுனையில் மறுபடி தாள் புரண்டது.

"வாங்க மேடம். ஆனா உங்க இடத்துக்கு வேற ஒரு பொண்ணுக்கு ஆர்டர் குடுத்துட்டோம். அந்தப் பொண்ணும் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத்தான் வருது."